வாசற்படி வரை பருத்தி

அமெரிக்க நாட்டின் தென்பகுதியாகிய அலபாமாவில், அடிமைத்தளை அறுந்து ஒரு தலைமுறை கழிந்த பின்னும், கறுப்பு இனக் குடியானவன் ஊரார் உடுத்தப் பருத்தி விளைவித்தானேயன்றித் தன் வீட்டு உலைக்கு வேண்டியதைத் தான் உழும் மண்ணிலிருந்து எடுக்க மாட்டாதவனாகவே இருந்தான். நிலம் பிறருடையது, இவன் வாரக்குடி. சோளமாவும் உப்பிட்ட பன்றி இறைச்சியும் பாகும் கடையில் கடனாக வரும். அக்கடனுக்கு ஈடு, இன்னும் விளையாத பருத்தி. ஆதலால் கடன் கொடுத்தவன் விருப்பப்படி குடிசையின் வாசற்படி வரை பருத்தியே நின்றது. ஒரு பாத்தி கீரைக்கும் இடம் ஒழியவில்லை. இதைச் சோம்பல் என்று சொன்னவர்கள் உண்டு. அது பெரும் அநியாயம்.

அலபாமாவிலுள்ள டஸ்கீகி கல்விச்சாலையின் தலைவர் புக்கர் வாஷிங்டனின் அழைப்பை ஏற்று 1896-ல் அங்கு வந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், தாமும் அடிமைத்தாயின் வயிற்றில் பிறந்து, அயோவாவில் தாவர சாஸ்திரம் பயின்று தேர்ந்தவர். பருத்தி உறிஞ்சிய சாரத்தைக் காராமணியும் நிலக்கடலையும் மண்ணுக்கு மீட்டுத் தரும் என்பதையும், அவை வயிற்றையும் நிரப்பும் என்பதையும் அவர் சேர்த்தே போதித்தார். உரம் வாங்கக் காசில்லாதவனிடம், காட்டில் உதிர்ந்து மக்கிய இலையையும் சதுப்பு நிலத்துக் கருஞ்சேற்றையும் வாரி வந்து போடச் சொன்னார். அவருடைய மேதையை நான் இந்த எளிய யோசனையிலேயே முதலில் காண்கிறேன். 1916-ல் வெளியிட்ட சிறு பிரசுரத்தில், நிலக்கடலையைப் பயிரிடும் முறையோடு, அதைச் சமைக்கும் 105 வகைகளையும் இல்லத்தரசிகளுக்காக எழுதி வைத்தார். விளைந்ததை உண்ணத் தெரியாவிட்டால் விளைவித்து என்ன பிரயோஜனம்?

ஆனால் இத்தகைய பிரசுரங்களைப் படிக்க எழுத்தறிவு வேண்டுமே! ஆகவே அதற்கு முன்பே, 1906-ல், நியூயார்க் தனவந்தர் மோரிஸ் ஜெஸப் அளித்த பொருளைக் கொண்டு, கோவேறு கழுதைகள் இழுக்கும் வண்டி ஒன்று புறப்பட்டது. டஸ்கீகியில் பயின்ற தாமஸ் கேம்பெல் அதன் பொறுப்பை ஏற்றார். வண்டி ஒரு குடியானவனின் நிலத்தருகே நிற்கும். அண்டை அயலார் கூடுவர். புது மாதிரிக் கலப்பையும், விதைகளும், வெண்ணெய் கடையும் பொறியும், பாலின் கொழுப்பை அளக்கும் கருவியும் கீழே இறங்கும். பிரசங்கத்தைக் காட்டிலும், ஆழ உழுத சாலில் கையை விட்டு ஈரத்தைத் தொட்டுப் பார்ப்பதே அங்கே பாடம்.

வாரமுறையையும் கடனையும் இவ்வண்டி ஒழித்துவிடவில்லை. கொல்லைக்கென்று ஒரு துண்டு நிலம் விட மனமில்லாத நிலக்காரன் முன் கலப்பையும் விதையும் என்ன செய்யும்? ஆயினும் அந்த நடமாடும் பள்ளிக்கூடம் தேய்ந்து மறையவில்லை. 1918-ல் வண்டிக்குப் பதிலாக மோட்டார் லாரி வந்தது. பின்னர் லாரியில் விவசாய ஆசிரியரோடு, குடிசைக்குள் சென்று பிள்ளைகளின் உடம்பையும் பார்க்கத்தக்க ஒரு தாதியும் ஏறிக்கொண்டாள்.