நான்கு எழுத்தில் ஒரு மனிதர்

மாப்பிள்ளை நல்லவர்தான், அதில் மாமியாருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மா, மகள் இருவரின் போக்குக்கும் அவர் எந்த விதத்திலும் ஒத்துவராதவராக இருந்தார். கேத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெலும் கற்பனையிலும் எழுத்திலும் மூழ்கிக் கிடப்பவர்கள். கிளாரன்ஸ் மையர்ஸ் சட்டம் படித்தவர். எதையும் ஒழுங்காக, விவரம் விவரமாகப் பார்க்கிறவர். 1918இல் இசபெல் அவரைக் கைப்பிடித்தார். ஒரே கூரையின் கீழ் பழகும் இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே விஷயத்தை இவ்வளவு வேறுவேறாகப் பார்ப்பது எப்படி என்ற கேள்வி கேத்தரினை விடவில்லை. இன்று பெருநிறுவனங்களின் பயிற்சி வகுப்புகளில் நிரப்பச் சொல்லித் தரப்படும் 'மையர்ஸ்-பிரிக்ஸ்' கேள்வித்தாளுக்கு வேர் அந்தக் கேள்விதான்.

கேத்தரின் உளவியல் படித்தவர் அல்ல. குழந்தை வளர்ப்பு பற்றிப் பத்திரிகைகளில் எழுதிவந்தவர். பெரிய மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை அடுக்கடுக்காகப் படித்து, மனிதர்களை நான்கு வகையாகப் பிரித்துத் தானே குறிப்பெழுதிக்கொண்டிருந்தார். 1923இல் மனநல மருத்துவர் கார்ல் யுங் எழுதிய 'உளவியல் வகைகள்' ஆங்கிலத்தில் வந்தது. அதைப் படித்ததும், தான் தேடியதை இவர் முன்பே கண்டுபிடித்துவிட்டார் என்று தன் குறிப்புகளைக் கேத்தரின் நெருப்பில் போட்டுவிட்டார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அந்த நூலுக்குப் பின்னாலும் ஒரு பிணக்கு இருந்தது. உளப்பகுப்பாய்வை உருவாக்கிய ஃபிராய்டின் வட்டத்திலிருந்து ஆல்ஃபிரெட் ஆட்லர் 1911இல் பிரிந்து போனார். யுங்கும் 1913இல் உறவை முறித்துக்கொண்டார். ஒரே துறையில் தோளோடு தோள் நின்றவர்கள், ஒரே நோயாளியின் கதையைக் கேட்டு நேரெதிரான முடிவுக்கு வந்தது ஏன் என்று யுங் பல ஆண்டுகள் யோசித்தார். ஃபிராய்டின் கவனம் வெளியே, மற்ற மனிதர்கள் மீது ஓடுகிறது. ஆட்லரின் கவனம் உள்ளே, தன் நிலை மீது திரும்புகிறது. ஆகவே இருவருக்கும் இரண்டு உண்மைகள் தெரிகின்றன என்பது அவர் கண்ட விடை. புறமுகம், அகமுகம் என்று இன்று எல்லோரும் சர்வசாதாரணமாகச் சொல்லும் பாகுபாடு இப்படித்தான் பரவலாயிற்று. சக ஊழியர்களின் சண்டையைப் புரிந்துகொள்ளும் முயற்சி என்று அதைச் சொன்னால் மிகையாகாது.

ஆனால் தொழிற்சாலைகளும் ராணுவமும் அப்போது குணத்தை அளக்க நினைத்தது வேறு காரணத்துக்காக. முதல் உலகப் போரில் பீரங்கிச் சத்தத்தில் மனம் உடைந்து திரும்பிய வீரர்களைக் கண்ட அமெரிக்க ராணுவம், அப்படி உடையக்கூடியவர்களை முன்கூட்டியே கண்டுபிடிக்க விரும்பியது. அதற்காக உளவியலாளர் ராபர்ட் உட்வர்த் ஒரு கேள்விப் பட்டியல் தயாரித்தார். தூக்கத்தில் நடப்பது உண்டா, ரத்தத்தைப் பார்த்தால் தலை சுற்றுமா என்ற ரீதியில் அதில் கேள்விகள் இருந்தன. பட்டியல் தயாராகிப் புழக்கத்துக்கு வருமுன் போர் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வழிமுறை நிறுவனங்களுக்குள் நுழைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் வந்த வேலைத் தேர்வுக் கேள்வித்தாள்கள் பல, ஆளில் என்ன கோளாறு என்று தேடியவையே.

இசபெல் உருவாக்கியது இதிலிருந்து அடிப்படையில் வேறானது. அவர் பெருமை அதில்தான் இருக்கிறது.

அவர் துப்பறியும் நாவல் எழுதிப் போட்டியில் பரிசு வென்றவர். இரண்டாம் உலகப் போரின்போது, பழக்கமில்லாத வேலைகளில் லட்சக்கணக்கானோர் திடீரென்று கொண்டுபோய் நிறுத்தப்பட்டார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும், ஒருவரையொருவர் எப்படிப் புரிந்துகொள்வார்கள் என்பதற்கு யுங்கின் கருத்து உதவும் என்று இசபெல் நம்பினார். கேள்வித்தாள் அமைக்கவோ புள்ளியியலோ அவருக்குத் தெரியாது. பிலடெல்ஃபியாவில் ஒரு பெரிய வங்கியின் பணியாளர் பிரிவைக் கவனித்துவந்த எட்வர்ட் ஹேயிடம் போய்க் கற்றுக்கொண்டார். தன் பிள்ளைகளோடு பள்ளியில் படித்தவர்களிடம் கேள்விகளைக் கொடுத்துப் பார்த்தார், திருத்தினார், மறுபடி கொடுத்தார். பின்னர் 5,000க்கும் மேற்பட்ட மருத்துவ மாணவர்களின் விடைகளைச் சேகரித்தார்.

ஒரு கேள்வியை அருகிலிருந்து பார்த்தால் அவர் செய்தது விளங்கும். ஒரு நாள் வெளியே போவதென்றால், எப்போது எங்கே என்று திட்டம் போட்டுக்கொண்டு கிளம்புவீர்களா, அல்லது போகிற போக்கில் பார்த்துக்கொள்வீர்களா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் தலைகுனிய வேண்டியதில்லை. கேள்விகள் எல்லாவற்றிலும் இந்த நியதி உண்டு. யுங்கின் நூலிலிருந்து எடுத்த மூன்று ஜோடிகளோடு, முடிவு செய்துவிட்டு நிம்மதி அடைபவர், முடிவைத் தள்ளிவைத்துத் திறந்த மனத்தோடு இருப்பவர் என்ற நான்காவது ஜோடியைத் தாயும் மகளும் சேர்த்தார்கள். நான்கு ஜோடிகளில் பதினாறு சேர்க்கை. ஜோடிக்கு ஒன்றாக, ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆங்கில எழுத்து. இசபெல் தன்னை ஐ.என்.எஃப்.பி. என்றும், கணவரை ஐ.எஸ்.டி.ஜே. என்றும் குறித்தார். முதல் எழுத்தைத் தவிர மற்ற மூன்றும் எதிரெதிர். பதினாறில் எதுவும் நோயும் அல்ல, குறையும் அல்ல.

1962இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற தேர்வு நிறுவனம் இதை ஆராய்ச்சிக்கென்று மட்டும் வெளியிட்டது. அங்கிருந்த புள்ளியியலாளர்களுக்கு இது பிடிக்கவில்லை. உளவியல் பட்டமில்லாத ஒரு பெண்மணி என்ற இளக்காரமும் அதில் கலந்திருந்தது. என்றாலும் அவர்கள் எழுப்பிய கேள்வி கனமானது. மனிதர்கள் உண்மையில் இரண்டு குவியல்களாகப் பிரிந்து நின்றால், மதிப்பெண்கள் இரு முனைகளில் குவிய வேண்டும். அவை நடுவில்தான் குவிந்தன. நடுக்கோட்டுக்கு ஒரு புள்ளி இப்பால் நிற்பவர் அகமுகர், அப்பால் நிற்பவர் புறமுகர் என்றால், ஏறக்குறைய ஒரே மாதிரியான இருவருக்கு எதிரெதிர்ப் பெயர் விழுகிறது. பின்னாளில் வந்த ஆய்வுகள் இதையே உறுதி செய்தன. ஐந்து வாரம் கழித்து அதே கேள்வித்தாளை நிரப்பினால் பாதிப் பேர் வரை வேறு வகைக்கு மாறிவிடுகிறார்கள் என்று உளவியலாளர் டேவிட் பிட்டெங்கர் 1993இல் சுட்டிக்காட்டினார். யுங்கும் 1934இலேயே, மனிதர்களை இப்படிப் பெட்டியில் அடைப்பது சிறுபிள்ளை விளையாட்டு என்ற பொருளில் எச்சரித்திருந்தார்.

அப்படியானால், தங்கள் வகையைப் படித்தவர்கள் 'இது நானேதான்' என்று வியப்பது ஏன்? இதற்கு விடையளிக்கும் சோதனை ஒன்று உண்டு. 1948இல் உளவியலாளர் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணத் தேர்வு வைத்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் குறிப்பு என்று சொல்லிக் கொடுத்தது, உண்மையில் எல்லோருக்கும் ஒரே குறிப்பு. அதன் வரிகளைக் கடையில் வாங்கிய ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னபோது கிடைத்த சராசரி 4.26. ராசிபலன் படித்துப் பழகிய நமக்கு இது அதிர்ச்சி தராது. ஆனால் அப்படிப் பொருந்துவதாகத் தோன்றும் குறிப்பையே ஆதாரமாகக் கொண்டு ஒருவருடைய பதவி உயர்வைத் தீர்மானிப்பது அநியாயம்.

அந்த அநியாயமும் நடந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்காவில் ஆளுமைத் தேர்வு இல்லாமல் பெரிய நிறுவனத்துக்குள் நுழைவது கடினம் என்ற நிலை வந்தபோது, பத்திரிகையாளர் வில்லியம் வைட் தன் 'நிறுவன மனிதன்' நூலின் (1956) பின்னிணைப்பில், இத்தேர்வுகளில் ஏமாற்றித் தேறுவது எப்படி என்றே எழுதினார். அப்பா, அம்மா இருவரையும் நேசித்தேன், அப்பாவைக் கொஞ்சம் கூடுதலாக என்று சொல்லுங்கள். உலகம் இருக்கிறபடியே எனக்குப் பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ளுங்கள் என்பது அவர் யோசனையின் சாரம். அவர் குறிவைத்தது மையர்ஸ்-பிரிக்ஸை அல்ல, தேர்வு முறை முழுவதையும்.

1975இல் வெளியீட்டுரிமை கலிஃபோர்னியாவின் கன்சல்டிங் சைக்காலஜிஸ்ட்ஸ் பிரஸ் கைக்குப் போன பிறகுதான் இசபெலின் கேள்வித்தாள் அலுவலகங்களில் காட்டுத்தீயாய்ப் பரவியது. 1980 மே மாதம் அவர் இறந்தார். வேலைக்கு ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்று அதன் வெளியீட்டாளர்களே விதி வைத்திருக்கிறார்கள். என்றாலும் தென்கொரியாவில் இந்த நான்கு எழுத்துகள் அறிமுகப் பேச்சிலேயே இடம்பிடித்து, வேலை விளம்பரங்கள் வரை எட்டிப்பார்த்தன. இதற்கிடையே அறிவியல் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஆட்பர்ட்டும் 1936இல் அகராதியிலிருந்து ஏறத்தாழ 18,000 குணச்சொற்களைப் பொறுக்கி எடுத்ததில் தொடங்கிய பாதை, பிற்காலத்தில் ஐந்து பெரும் பண்புகளில் வந்து நின்றது. அங்கே பெட்டிகள் இல்லை, அளவுகள்தான். பொறுப்புணர்வு என்ற பண்பு கூடுதலாக உள்ளவர்கள் எல்லா வகை வேலையிலும் சற்று நன்றாகச் செய்கிறார்கள் என்று மர்ரே பேரிக்கும் மைக்கேல் மௌண்ட்டும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள்.

பெட்டி பொய் என்பதால் இசபெலின் கேள்வியும் பொய்யாகிவிடாது. கூட்டத்தில் வாயைத் திறக்காத ஊழியரை 'ஒத்துழைக்காதவர்' என்று மேலாளர் எழுதிவைக்கிறார். அவரோ யோசித்துவிட்டுப் பேசுகிறவர். பேசவேண்டிய விஷயத்தை முந்தின நாளே அனுப்பியிருந்தால் நல்ல யோசனை ஒன்றோடு வந்திருப்பார். பேசப் பேசத்தான் சிந்தனை தெளியும் இன்னொருவரோ, சொல்லிப் பார்த்ததையெல்லாம் முடிவாக எடுத்துக்கொண்டு மற்றவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்களே என்று தவிக்கிறார். இருவரிடமும் குறை இல்லை. இந்த வேறுபாட்டைக் கெட்ட எண்ணமாகப் படிக்காமலிருக்க ஒரு மொழி கிடைத்தது இசபெலால்தான். அலுவலகங்களுக்கு அவர் தந்த கொடையாக இதைத்தான் சொல்லவேண்டும்.

அந்த மொழியைக் கேள்வித்தாளே இல்லாமல் பயன்படுத்தியவர்களும் உண்டு. நார்வேயின் குவெஸ்ட்பேக் நிறுவனத்தின் ஐவர் குரோக்ருட், தன்னோடு வேலை செய்பவர்களுக்கென்று ஒரே பக்கத்தில் 'என்னைப் பற்றிய கையேடு' எழுதிக் கொடுத்ததை 2013இல் நியூயார்க் டைம்ஸுக்குச் சொன்னார். தன்னோடு எப்படிப் பேசினால் நல்லது, தான் எதை மதிப்பவர் என்பதையெல்லாம் அவரே எழுதியிருந்தார். நான்கு எழுத்தும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. படித்தவர்களில் பலர் பதிலுக்குத் தங்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள்.