படிவச் சரிபார்ப்பின் வரலாறு: உலாவியும் வழங்கியும்

இணையப் படிவத்தில் நிரப்பப்படும் விவரங்கள் சரியானவைதாமா என்று பார்க்கும் வேலையை, நிரப்புவோரின் கணினியில் இயங்கும் உலாவியிடம் ஒப்படைப்பதா, அவ்விவரங்களைப் பெற்றுச் சேமித்துவைக்கும் வழங்கிக் கணினியிடம் விடுவதா என்னும் வினா, நிரலாளர் பயிற்சியின் தொடக்கப் பாடங்களுள் ஒன்றாக இன்று கற்பிக்கப்படுகிறது. முன்னது உலாவிவழிச் சரிபார்ப்பு, பின்னது வழங்கிவழிச் சரிபார்ப்பு. வேகத்தையும் பாதுகாப்பையும் அளவுகோலாகக் கொண்டு இரண்டையும் எடைபோடுவது வழக்கமாக இருந்தாலும், இவ்வினாவின் வேர் இணையத்துக்கு வெகுவாக முந்தியது. விவரத்தை உள்ளிடும் பொறி யாருடைய கைவசம் இருந்தது என்பதே ஒவ்வொரு காலத்திலும் அதற்கு விடை சொல்லி வந்திருக்கிறது.

கணினிக்குத் துளையட்டைகள் மூலம் விவரங்கள் ஊட்டப்பட்ட காலத்தில், அட்டையைத் துளையிடுவதற்கு ஒரு பொறியும், துளையிட்டது சரியா என்று பார்ப்பதற்கு இன்னொரு பொறியும் இருந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் 056 என்ற சரிபார்ப்புப் பொறி இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஒருவர் துளையிட்ட அட்டையை மற்றொருவர் அப்பொறியில் செருகி, அதே மூலத்தாளைப் பார்த்து மீண்டும் தட்டுவார். தட்டிய விசையும் அட்டையிலுள்ள துளையும் ஒத்துப்போகாவிட்டால் பொறி நின்றுவிடும். திரும்பத் தட்டியும் ஒத்துவராவிட்டால் பிழையான பத்திக்கு நேர் மேலே அட்டையின் விளிம்பில் ஒரு வெட்டு விழும். முழுவதும் சரியான அட்டைக்கு வலது ஓரத்தில் வெட்டு விழுமாதலால், அடுக்கிவைத்த கட்டைப் பக்கவாட்டில் பார்த்த மாத்திரத்தில் சரிபார்க்கப்படாத அட்டை தெரிந்துவிடும். எனினும் இப்பொறி சொன்னது, அட்டை மூலத்தாளோடு ஒத்திருக்கிறது என்பதை மட்டுமே. தாளில் எழுதிய கணக்கு எண்ணுக்கு உண்மையில் ஒரு கணக்கு உண்டா என்பது, கட்டு கணினிக்குள் போய்ப் பதிவேட்டோடு ஒப்பிடப்பட்ட பின்னரே தெரியவந்தது.

இந்த இடைவெளியைக் குறைக்க முயன்றவர்களுள் ஐபிஎம்மில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் குறிப்பிடத்தக்கவர். 1954-இல் அவர் விண்ணப்பித்து 1960-இல் பெற்ற காப்புரிமை, ஒரு எண்ணின் இறுதியில் மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்ட ஓர் இலக்கத்தைச் சேர்த்துவிட்டால், ஓர் இலக்கம் தவறாகத் தட்டப்படும்போது அதைப் பதிவேட்டைத் தொடாமலேயே கண்டுபிடிக்கலாம் என்ற கருத்தை ஒரு கையடக்கக் கருவியாக வடித்தது. கடன் அட்டை எண்கள் இன்றும் இம்முறையைப் பின்பற்றுகின்றன. அடுத்தடுத்த இரு இலக்கங்கள் இடம் மாறினால் லூன் முறை பெரும்பாலும் கண்டுகொள்ளும், ஆனால் 09 என்பது 90 ஆனால் கோட்டைவிடும். நெதர்லாந்துக் கணிதவியலாளர் யாக்கோபஸ் வெர்ஹூஃப் 1969-இல் வெளியிட்ட முறையில் அக்குறை இல்லை. இந்தியாவின் ஆதார் எண்ணில் பன்னிரண்டாம் இலக்கம் வெர்ஹூஃப் முறையில்தான் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஆதார் எண்ணைக் கேட்கும் படிவம், தட்டச்சுப் பிழையை உலாவியிலேயே பிடித்துவிடலாம். அந்த எண் எவருக்காவது வழங்கப்பட்டதா என்பதை எந்த உலாவியாலும் சொல்ல முடியாது.

1971-இல் ஐபிஎம் வெளியிட்ட 3270 வகை முனையங்கள் இன்றைய படிவத்தின் நேரடி முன்னோடி எனத் தகும். மையக் கணினி அனுப்பிய திரை, புலங்கள் எனப்படும் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இந்தப் புலத்தில் எழுதக் கூடாது, இதில் எண் மட்டுமே வரலாம் என்ற குறிப்புகளும் திரையோடு வந்தன. எண்ணுக்குரிய புலத்தில் எழுத்தைத் தட்டினால் விசைப்பலகையைப் பூட்டிவிடும் வசதியும் இருந்தது. நிரப்பி முடித்து அனுப்பும் விசையை அழுத்தும் வரை மையக் கணினிக்கு எதுவும் போகாது. இதனால் ஒரே கணினி ஏராளமான முனையங்களுக்கு ஈடுகொடுத்தது. முனையத்திலேயே சரிபார்ப்பது அங்கே ஆபத்தில்லாமல் இருந்ததற்குக் காரணம், அந்த முனையமும் அதை இயக்கிய ஊழியரும் நிறுவனத்தின் கட்டுப்பாட்டுக்குள் இருந்ததே.

இணையம் இந்த அடித்தளத்தை அகற்றிவிட்டது. 1993-இல் மொசைக் உலாவியில் படிவங்கள் வந்தபோது, சரிபார்ப்பு முழுவதும் வழங்கியிலேயே நடந்தது; படிவம் வந்துசேரும்போதெல்லாம் வழங்கி ஒரு தனி நிரலைத் தொடங்கி விவரங்களை அதனிடம் கொடுக்கும் பொது நுழைவாயில் இடைமுகம் என்ற ஏற்பாடு அதே ஆண்டில் உருவானது. தொலைபேசி மோடம் வழியே இணைந்திருந்தவர், ஒரு கட்டத்தை வெற்றாக விட்டதைத் தெரிந்துகொள்ளக்கூட, படிவம் போய்ப் புதிய பக்கம் திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி இத்துயரைத் தீர்த்தது. படிவச் சரிபார்ப்பு அம்மொழியின் முதன்மையான தொடக்ககாலப் பயன்களுள் ஒன்றாயிற்று. பலர் அதோடு வழங்கிச் சரிபார்ப்பைக் கைவிட்டனர், அல்லது எழுதவே இல்லை. 3270 காலத்து நம்பிக்கை, அதைத் தாங்கிய காரணம் மறைந்த பின்னும் நீடித்தது என்றே இதைக் கொள்ள வேண்டும்.

உலாவி அந்நியரின் கையில் இருந்தது. அவர் ஜாவாஸ்கிரிப்டை அணைத்துவைக்கலாம். பக்கத்தைச் சேமித்துச் சோதனை வரிகளை நீக்கிவிட்டு அனுப்பலாம். உலாவியே இல்லாமல் வழங்கிக்கு நேராக எழுதலாம். பொருளின் விலையைப் படிவத்தின் மறைபுலத்தில், அதாவது திரையில் தெரியாமல் பக்கத்துக்குள் இருக்கும் கட்டத்தில் வைத்து, திரும்பி வந்த விலையை அப்படியே ஏற்றுக்கொண்ட இணையக் கடைகள் இருந்தன. விலையைக் குறைத்து எழுதி அனுப்பியவருக்கு அந்த விலையிலேயே பொருள் விற்கப்பட்டது. 1998 டிசம்பரில் பிராக் என்ற கணினி ஊடுருவாளர் இதழில் வெளிவந்த கட்டுரையொன்று, படிவத்தில் தட்டிய உரை தரவுத்தளத்துக்கான கட்டளையாகவே மாறிவிடும் அபாயத்தை எடுத்துக்காட்டியது. 2001-இல் தொடங்கப்பட்ட ஓவாஸ்ப் என்ற பாதுகாப்பு அமைப்பு, 2003-இல் வெளியிட்ட தனது முதல் பத்துக் குறைபாட்டுப் பட்டியலில் சரிபார்க்கப்படாத உள்ளீட்டுக்கே முதலிடம் தந்தது.

இதற்குரிய கோட்பாடு முன்பே வகுக்கப்பட்டிருந்தது. சால்ட்சர், ரீட், கிளார்க் ஆகிய மூவர் 1984-இல் ஆய்விதழில் வெளியிட்ட முனைக்குமுனை வாதம் என்ற கட்டுரை, ஒரு சோதனை முழுமையாக நிறைவேற வேண்டுமானால் அது பயன்பாட்டின் இறுதி முனையிலேயே நடந்தாக வேண்டும் என்றும், இடையில் செய்யப்படுவது செயல்திறனுக்கான கூடுதல் உதவியே என்றும் வாதிட்டது. வலையமைப்புகளைப் பற்றி எழுதப்பட்ட அவ்வாதம் படிவங்களுக்கும் அப்படியே பொருந்தும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது என்று வினாவை அமைப்பதே தவறு. வழங்கிச் சரிபார்ப்பு கட்டாயம், உலாவிச் சரிபார்ப்பு நிரப்புவோருக்குச் செய்யும் மரியாதை.

2002-இல் வந்த ஏஎஸ்பி டாட் நெட் என்ற இணைய நிரலாக்கச் சட்டகம், விதியை ஒருமுறை எழுதினால் இரு இடத்திலும் சோதிக்கும் கட்டுப்பாடுகளை வழங்கியது. 2014-இல் இணையத் தரநிலை அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையான எச்டிஎம்எல் 5, கட்டாயப் புலம், மின்னஞ்சல் புலம் போன்றவற்றை உலாவியின் இயல்பாகவே ஆக்கியது. ஆனால் விதி எங்கே சோதிக்கப்படுகிறது என்பதோடு, இரு இடத்திலும் ஒரே பொருளில் சோதிக்கப்படுகிறதா என்ற சிக்கலும் எஞ்சியிருந்தது. தமிழில் நிரப்புவோர் அதை நேரடியாக அனுபவிக்கின்றனர். மீனாட்சி என்ற பெயர் கண்ணுக்கு நான்கு எழுத்து. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் உலாவி அதை எட்டாகக் கணக்கிடும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொன்றும் மூன்று பைட் பிடிப்பதால், பைட்டில் அளக்கும் தரவுத்தளத்துக்கு அது இருபத்துநான்கு. இருபது என்று வரம்பிட்ட படிவத்தில் உலாவி ஏற்ற பெயரைத் தரவுத்தளம் மறுக்கும். எழுத்துகள் மட்டுமே வரலாம் என்ற விதியோ, ஒருங்குறி அக்குறிகளை எழுத்து வகையில் சேர்க்காததால், பல நிரல்மொழிகளில் குமார் என்ற பெயரையே பிழை என்று திருப்பி அனுப்பும். தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் பொதுச்சேவைப் படிவங்களை எழுதுவோர், ஆங்கிலப் பெயர்களை மட்டும் தட்டிப் பார்த்து நிறைவடையாமல், இப்பெயர்களை உலாவியிலும், உலாவியைத் தாண்டி நேரே வழங்கிக்கும் அனுப்பிச் சோதித்த பிறகே படிவத்தைப் பொதுமக்களிடம் கொடுக்க வேண்டும்.