குறிகட்டுவானில் ஒரு பெட்டி

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நிற்கிற நேரம்தான் சாமான் வாங்கிற நேரம். நாகவிகாரைக்குப் போக தெற்கிலிருந்து பஸ் பிடித்து வந்த சிங்கள யாத்திரிகர்கள், நாகபூசணி அம்மனுக்கு நேர்த்தி வைத்த எங்கட சனம், லீவில் வந்து நிற்கும் வெளிநாட்டு உறவுகள் எல்லாருக்கும் அதே கடைகள்தான். பனங்கட்டிக் குட்டான், புழுக்கொடியல், பனாட்டு, கருவாடு, ஓலைப்பெட்டி.

நாங்களும் ஒரு மூடுபெட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, அம்பது ரூபா குறைக்கச் சொன்னோம். கடைக்கார அக்கா முகம் சுளிக்கேல்லை. "குருத்தோலை வெட்டுவிக்க ஆளுக்குக் காசு குடுக்கோணும் தம்பி. பிறகு காயவைச்சு, வார்ந்து, சாயத்தில அவிச்சு எடுத்துத்தான் பின்னுறது. சரி, கொண்டுபோங்கோ" என்றா. குறைத்துத்தான் தந்தா. படகில் ஏறிய பிறகு அந்தப் பெட்டி கொஞ்சம் பாரமாகத்தான் இருந்தது.

நயினாதீவில் இறங்கினால் அம்மன் கோயிலில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. வருகிறவர்களில் கனபேர் அதைப் பார்ப்பதேயில்லை. பொலன்னறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் தமிழில் வெட்டுவித்த சாசனம் அது. பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதை ஆராய்ந்து கட்டுரையாக வெளியிட்டார். விஷயம் முழுக்க வியாபாரம்தான். பிற நாட்டு வணிகர்கள் ஊராத்துறைக்கு, அதாவது இப்போதைய ஊர்காவற்றுறைக்கு, வரவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசனுக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. மற்றச் சரக்குக் கொண்டுவருகிற கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி. அரசன் வள்ளலில்லை, தனக்கு வேண்டிய சாமானைக் கொண்டுவருகிறவனுக்குக் கூடுதலாக விட்டுக்கொடுக்கிறான், அவ்வளவுதான். ஆனாலும் வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் இடையில் எது நியாயம் என்ற கேள்வி இந்தக் கடலில் எண்ணூறு வருசத்துக்கு முன்னமே கல்லில் ஏறிவிட்டது.

பிறகு வந்தவர்கள் அப்படியான கணக்கொன்றும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. வன்னியில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக ஓட்டிவந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றினார்கள். கேற்ஸ் என்ற பெயரே இறங்குதுறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லில் இருந்து வந்ததென்பார்கள். ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கட நகரங்களின் பெயரை வைத்தார்கள். ஊர்காவற்றுறை லெய்டன், காரைதீவு அம்ஸ்ரடாம், நயினாதீவு ஹார்லெம். ஒட்டிக்கொண்டு நிற்பது நெடுந்தீவின் டெல்ஃப்ற் மட்டும். வடக்குக் கடலில் மூழ்கி எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே கலியாணப் பெண்களின் கையில் வளையலானது. மணலில் தோண்டிய சாயவேர் துணிக்குச் சிவப்பு நிறம் கொடுத்தது. 1868இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் அலிசரினைச் செயற்கையாகச் செய்து காட்டினார்கள். வேரில் இருந்த நிறமும் அதுதான். அதற்குப் பிறகு வேரை ஆர் தேடுவான்? அக்காவின் பெட்டியில் இருந்த சிவப்பும் பச்சையும் கடையில் வாங்கிற சாயப்பொடிதான்.

யானை, சங்கு, வேர் எல்லாம் வெளியில் விற்க எடுத்தவை. பனையின் கதை வேறு. ஓலைச் சாமான் முதலில் வீட்டுக்கென்று செய்தது. அதன் பெயர்களே வேலையைச் சொல்லும். கடகம் சுமக்க, சுளகு புடைக்க, நீத்துப்பெட்டி பிட்டு அவிக்க, பறி மீன் போட, கொட்டப்பெட்டி வெத்திலையும் சில்லறையும் வைக்க. பனங்கட்டி வரும் குட்டான்கூட ஓலைதான். பிளாஸ்ரிக் வாளியும் அலுமினியப் பாத்திரமும் வந்த பிறகு இவை அடுப்படியை விட்டு இறங்கி, இப்போது இறங்குதுறையில் நினைவுப்பொருளாகத் தொங்குகின்றன.

சாப்பாடும் அப்படித்தான். கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். நெல் குறைந்த ஊரில் வயிறு நிரப்பியது அது. ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கியவர்களின் பிள்ளைகள் இன்றைக்கு லண்டனுக்குப் பொதி கட்டுகிறார்கள். எங்களுக்கு மட்டும் உரிய சாப்பாடு என்று பெருமைப்படவும் ஏலாது. ஆபிரிக்காவில் பனையின் சகோதர மரம் ஒன்று நிற்கிறது. வடக்கு நைஜீரியாவில் அதன் கிழங்கை அவித்து 'முருச்சி' என்று சந்தையில் விற்கிறார்கள். அங்கே போகிற பயணியும் எங்களைப் போலத்தான் விலை கேட்பார்.

இதில் பேசாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. மரம் ஏறிக் கள்ளும் கருப்பநீரும் இறக்கியவர்களை எங்கட சமூகம் சாதி சொல்லித் தள்ளி வைத்தது. பனங்கட்டி இனித்தது, அதைத் தந்த கைக்கு முற்றத்துக்கு மேல் இடமில்லை. 'யாழ்ப்பாணப் பாரம்பரியம்' என்று பைக்கற்றில் அச்சடிக்கும்போது இது அச்சாவதில்லை.

இன்னொரு திருப்பமும் இருக்கு. ஒருகாலம் புங்குடுதீவும் மற்றத் தீவுகளும் கொழும்புக்கும் தெற்கின் சின்னப் பட்டினங்களுக்கும் கடைக்காரரை அனுப்பின. சுருட்டுக்கடை, சாப்பாட்டுக்கடை, பலசரக்குக்கடை. 1958இலும் 1977இலும் 1983இலும் அவற்றில் கனக்க எரிந்தன. 1990இல் இராணுவம் தீவுகளுக்குள் இறங்க, இங்கே மிஞ்சி இருந்த சனமும் இடம்பெயர்ந்தது. புங்குடுதீவு வீதியில் கூரையில்லாத கல்வீடுகள் இன்னும் நிற்கின்றன. போர் முடிந்து வீதி திறந்த பிறகு தெற்கு வாங்க வருகிறது. அக்கா சிங்களத்தில் விலை சொல்லுறா, எண்கள் மட்டும் என்றாலும் தடங்கல் இல்லாமல்.

பின்னேரப் படகில் திரும்பி வந்து அதே கடைக்குப் போனோம். ஒடியல் மா ஒரு பைக்கற்று எடுத்தோம், விலை பேசேல்லை. மிச்சக் காசைத் தந்துகொண்டே அக்கா கேட்டா: "கூழ் காய்ச்சத் தெரியுமோ? மாவைத் தண்ணியில ஊறவிட்டு ரெண்டு தரம் வடிச்சு ஊத்துங்கோ. இல்லாட்டிக் கைக்கும்."