உள்ளிருந்து வெளியே, மீண்டும் உள்ளே: மெய்நிகர் சர்வர்களில் ஆன்டிவைரஸ் நிர்வாகத்தின் வளர்ச்சி

முன்னுரை

ஒரு கணினி என்றால் அதற்கென ஒரு வன்தட்டு, ஒரு பிராசசர், ஓர் அடையாளம் உண்டு என்ற எண்ணத்தின் மீதுதான் ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் எழுதப்பட்டன. ஒரே இயந்திரத்தில் பல சர்வர்களை ஓட்டும் மெய்நிகராக்கம் வந்ததும் இந்த மூன்றுமே ஆட்டம் கண்டன. அதன்பின் நிர்வாக மென்பொருள்கள் எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஸ்கேன் செய்யும் சுமையைச் சர்வருக்கு வெளியே கொண்டுபோக முடிந்தது. தீங்கு எதுவெனக் கண்டறியும் வேலை மட்டும் உள்ளேயே திரும்பி வந்தது என்பது இக்கட்டுரையின் முடிபு.

இரு தனித்தனிப் பாதைகள்

மெய்நிகராக்கம் ஐபிஎம்மின் பெருங்கணினிகளில் 1972இலேயே விஎம்/370 என்ற பெயரில் விற்பனைக்கு வந்துவிட்டது. சாதாரண எக்ஸ்86 சர்வர்களுக்கு அதைக் கொண்டுவந்தது 1998இல் தொடங்கப்பட்ட விஎம்வேர். அதன் இஎஸ்எக்ஸ் சர்வர் 2001இல் வெளியானது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்தாமலே வேறு இயந்திரத்துக்கு மாற்றும் விமோஷன் 2003இல் வந்தது.

இதே காலத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் மைய நிர்வாகத்தை வளர்த்துக்கொண்டிருந்தன. மெக்காஃபியின் இபாலிசி ஆர்கெஸ்ட்ரேட்டர் இதற்கு நல்ல சான்று. ஒவ்வொரு கணினியிலும் ஓர் ஏஜென்ட் இருக்கும். இயல்பான அமைப்பில் 60 நிமிடத்துக்கு ஒருமுறை அது மைய சர்வரைத் தொடர்புகொண்டு, புதிய பாலிசியை வாங்கிக்கொண்டு, தன்னிடமுள்ள பதிவுகளை ஒப்படைக்கும். அவை எஸ்கியூஎல் தரவுத்தளத்தில் சேரும்.

அடையாளமும் நெரிசலும்

இரு பாதைகளும் சந்தித்த இடத்தில் முதலில் சிக்கலானது அடையாளம். மெய்நிகர் சர்வர்களை யாரும் ஒவ்வொன்றாக நிறுவுவதில்லை. மூலப் பிரதி ஒன்றைத் தயாரித்து நகலெடுப்பார்கள். ஏஜென்ட்டோடு சேர்த்து நகலெடுத்தால் அதன் தனி அடையாள எண்ணும் எல்லா நகல்களுக்கும் போய்விடும். ஐம்பது சர்வர்கள் ஓடினாலும் கன்சோலில் ஒரே வரிதான் தெரியும். பெயர் மட்டும் மாறிக்கொண்டிருக்கும். அதனால்தான் மூலப் பிரதியை மூடுமுன் அந்த எண்ணை அழித்துவிட வேண்டும் என்பது விதியாயிற்று.

சர்வரின் முந்தைய நிலையைச் சேமித்துவைத்த ஸ்நாப்ஷாட்டுக்குத் திரும்பும்போதும் இதற்கு ஒப்பான குழப்பம் எழுந்தது. ஏஜென்ட் ஒவ்வொரு முறை பேசும்போதும் அதன் வரிசை எண் ஏற வேண்டும். பின்னோக்கிப் போன சர்வர் பழைய எண்ணையே மீண்டும் சொல்லும். மைய சர்வர் அதைப் பிழையாகக் கணக்கிடும். இப்பிழைகளைக் கொண்டு இரட்டை அடையாளங்களைக் கண்டுபிடித்து நீக்கும் பணிகள் ஆர்கெஸ்ட்ரேட்டரிலேயே சேர்க்கப்பட்டன. நகலெடுப்பும் பின்னோக்கிப் போவதும் பாதுகாப்பைக் குலைக்கும் என்று டால் கார்ஃபிங்கலும், விஎம்வேர் நிறுவனர்களில் ஒருவரான மெண்டல் ரோசன்புளமும் 2005இலேயே தங்கள் ஆய்வில் எச்சரித்திருந்தனர்.

அடுத்த சிக்கல் நெரிசல். இரவு குறிப்பிட்ட மணிக்கு முழு ஸ்கேன் என்ற பாலிசி தனிக் கணினிகளில் எந்தத் தொல்லையும் தரவில்லை. ஒரே சேமிப்பகத்தைப் பகிர்ந்துகொள்ளும் சர்வர்கள் அத்தனையும் ஒரே நொடியில் ஸ்கேனைத் தொடங்கியபோது வட்டு திணறியது. துறையினர் இதை ‘ஆன்டிவைரஸ் புயல்’ என்றனர்.

வெளியே போன ஸ்கேன்

தீர்வுக்கான கருத்து முன்பே இருந்தது. மெய்நிகர் சர்வரை, அதை இயக்கும் அடித்தள மென்பொருளான ஹைப்பர்வைசரிலிருந்து கண்காணிக்கும் முறையைக் கார்ஃபிங்கலும் ரோசன்புளமும் 2003இல் முன்வைத்தனர். 2008இல் விஎம்வேர் அறிவித்த விஎம்சேஃப், ஹைப்பர்வைசர் வழியே பார்க்கும் வாய்ப்பைப் பிற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. 2010இல் விஷீல்ட் எண்ட்பாயிண்ட் வந்தது. சர்வருக்குள் ஒரு மெல்லிய டிரைவர் மட்டும் இருக்கும். திறக்கப்படும் கோப்பு பற்றிய செய்தியை அது ஹைப்பர்வைசர் வழியாக, அதே இயந்திரத்தில் ஓடும் பாதுகாப்புச் சர்வருக்கு அனுப்பும். ஸ்கேன் அங்கே நடக்கும். டிரெண்ட் மைக்ரோவின் டீப் செக்யூரிட்டி 7.5 இதை முதலில் பயன்படுத்திக்கொண்டது. வைரஸ் பட்டியலை இயந்திரத்துக்கு ஒருமுறை அப்டேட் செய்தால் போதும் என்பது பெரிய ஆதாயம்.

உள்ளே திரும்பிய கண்டறிதல்

இந்த ஏற்பாட்டின் எல்லை விரைவில் தெரிந்தது. வெளியிலிருந்து கோப்பைப் பார்க்கலாம். நினைவகத்திலேயே ஓடி மறையும் தீநிரலையும், நல்ல நிரலொன்றின் தவறான நடத்தையையும் பிடிப்பது கடினம். தவிர, பாதுகாப்புச் சர்வர் இல்லாத இயந்திரத்துக்கு விமோஷனில் நகர்ந்த சர்வர் காவலின்றி நின்றது. எனவே உள்ளே ஓர் இலகு ஏஜென்ட்டை வைத்து, கனமான வேலையை மட்டும் வெளியே தள்ளும் இடைவழி வலுப்பெற்றது. 2011இல் வந்த சிமான்டெக் எண்ட்பாயிண்ட் புரொடெக்‌ஷன் 12.1, ஒரு சர்வரில் தூய்மையெனத் தெரிந்த கோப்பை மற்றவை மீண்டும் ஸ்கேன் செய்யாதபடி பொதுப் பட்டியல் ஒன்றைப் பகிர வைத்தது. ஸ்கேன் நேரங்களையும் சிதறடித்தது. விண்டோஸ் 10இன் 1903 பதிப்பில், அப்டேட்டைப் பிரித்தெடுக்கும் வேலையைப் பொது இடத்தில் ஒருமுறை செய்து பகிரும் வசதி மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டருக்குக் கிடைத்தது.

அண்மைய இரு நிகழ்வுகள்

2023 பிப்ரவரியில் இஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் என்ற பணயத் தீநிரல் ஹைப்பர்வைசரையே தாக்கியது. அது மெய்நிகர் சர்வர்களின் வட்டுக் கோப்புகளை வெளியிலிருந்தபடியே பூட்டியது. உள்ளிருந்த ஏஜென்ட்டுகளுக்கு அதைத் தடுக்க வழியில்லை. பயன்படுத்தப்பட்டதாகக் கருதப்படும் ஓட்டைக்கு 2021 பிப்ரவரியிலேயே திருத்தம் வெளியாகியிருந்தது. 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் தன் ஏஜென்ட்டுக்கு அனுப்பிய பிழையான அப்டேட் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. மைக்ரோசாஃப்டின் மேகக்கணினிச் சேவையான அஸூரில் முடங்கிய மெய்நிகர் சர்வரின் வட்டைக் கழற்றி, இன்னொரு சர்வரில் மாட்டிப் பழுதுபார்க்க முடிந்தது.

முடிவுரை

முதல் நிகழ்வு ஏஜென்ட்டின் எல்லையைக் காட்டியது; இரண்டாவது அதன் அதிகாரத்தைக் காட்டியது. இந்த வரலாற்றிலிருந்து நிர்வாகிகள் பெற வேண்டியவை நான்கு: மூலப் பிரதியில் அடையாள எண்ணை அழித்தல், ஸ்கேன் நேரத்தைச் சிதறடித்தல், ஹைப்பர்வைசர் திருத்தங்களைத் தள்ளிப்போடாமை, அப்டேட்டை முதலில் சில சர்வர்களில் மட்டும் சோதித்தல். எந்த நிறுவனத்தின் மென்பொருளை வாங்கினாலும் இந்த நான்கையும் அது தானாகச் செய்துவிடாது.