தேவதானத்தின் அடியில் என்ன?

இராசபாளையத்துக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் உள்ளது தேவதானம். தேவதானம் என்றால் தேவருக்குத் தானமாக விடப்பட்ட நிலம். அவ்வூர்க் கோயிலை ஐம்பூதத் தலங்களுள் ஆகாயத்துக்கு உரியது என்பர். மண்ணைத் தேவருக்கு எழுதி வைத்தனர். வானத்துக்கும் தலம் கண்டனர். அந்த மண்ணுக்கு அடியில் என்ன என்று கேட்டவனுக்குக் கிடைத்த விடை யாது? ஏழு பாதாளம்! ஆயிரந் தலை ஆதிசேடன்! அவன் தலை அசைந்தால் நிலம் நடுங்குமாம்!

1897 சூன் 12 அன்று அசாமில் நிலம் நடுங்கிற்று. 1,500க்கு மேற்பட்டோர் மாண்டனர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஓல்டாம், பாம்பைத் தேடவில்லை. தொலைநாட்டுக் கருவிகள் வரைந்த கோடுகளை ஆராய்ந்தார். நடுக்கம் மூன்று வகை அலைகளாகப் பரவுவதைக் கண்டார். பூமியை ஊடுருவி மறுபக்கம் சேரும் அலைகள் தாமதிப்பதைக் கொண்டு, நடுவே வேறொரு கரு உண்டென்று 1906இல் நிறுவினார். 1909இல் மொகோரோவிசிச் மேலோட்டின் எல்லையைக் கண்டார். 1936இல் இங்கே லேமன் என்னும் டென்மார்க்குப் பெண்மணி, கருவுக்குள் இன்னொரு கரு உண்டென்றார்.

கண்டங்களின் கீழே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மேலோடு; 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை பாறைமண்டலம்; அதற்குக் கீழே உருகிய இரும்பும் நிக்கலும்; 5,150 கிலோமீட்டருக்கு அப்பால் திண்ணிய இரும்பு உருண்டை. மனிதன் துளைத்த மிக ஆழமான துளையோ, ரஷ்யாவின் கோலாவில் 12 கிலோமீட்டர்தான்! எட்டாத இடத்தை அறிவு எட்டியது.

1934இல் பீகார் நடுங்கியபோது, அது தீண்டாமைப் பாவத்துக்குத் தண்டனை என்றார் காந்தியார்; அதை மறுத்தார் தாகூர். தீண்டாமை ஒழியத்தான் வேண்டும். ஆனால், அக்கொடுமையில் துடித்த ஏழையின் குடிசையையும் சேர்த்தே இடித்தது நடுக்கம். அதையா நீதி என்பது?

தோழர்களே, பாதாளத்தைப் பார்க்க விரும்புவோர்க்கு மேற்கு மலையே போதும். அங்கே பரவிக் கிடக்கும் சார்னகைட் பாறை, ஒரு காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் கீழே, கடும் வெப்பத்தில் உருவானது. மேலிருந்தவை தேய்ந்தழிய, அது வெளிப்பட்டது. தொட்டுப் பாருங்கள், பாம்பின் செதில் ஒன்றும் தட்டுப்படாது.

மண்ணுக்குள் அடுக்குகள் உண்டு. எடையும் வெப்பமும் அவற்றை வகுத்தன. மனிதருக்குள் மேலடுக்கு, கீழடுக்கு வகுத்தது எந்த எடை, எந்த வெப்பம்? பூமியின் நடுவரை சென்ற கேள்வி, ஊர்த் தெருவின் எல்லையில் நின்றுவிடலாமா? நாம் கேட்போம்!