உயிர் காக்கும் நிலையமும் தரம் காணும் அளவுகோலும்

ஒரு மருத்துவ நிலையம் நல்லதா, அன்றா என்பதை மக்கள் எதனைக் கொண்டு முடிவு செய்கின்றனர்? கட்டடத்தின் பொலிவு, தரையின் தூய்மை, தாதியரின் இன்சொல் ஆகியவற்றைக் கண்டே பெரும்பாலோர் கருத்துக் கொள்வர். இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், ‘டயாலிசிஸ்’ என்று வழங்கும் இரத்தச் சுத்திகரிப்பைப் பொறுத்தவரையில், நோயாளியின் உயிரைக் காப்பன பெரும்பாலும் அவர் கண்ணுக்குப் புலப்படாதவை. அவை எவை என்பதை மருத்துவ உலகம் ஒரு நாளில் உணர்ந்துவிடவில்லை. பல உயிர்களை விலையாகக் கொடுத்தே உணர்ந்தது.

1943-ஆம் ஆண்டில், செருமானியரின் பிடியில் இருந்த நெதர்லாந்தில், காம்பென் என்னும் சிறுநகர மருத்துவமனையில் வில்லம் கோல்ஃப் என்ற இளம் மருத்துவர் செயற்கைச் சிறுநீரகம் ஒன்றை அமைத்தார். சுழலும் உருளையில் செல்லோபேன் குழாயைச் சுற்றி, அதனுள் நோயாளியின் இரத்தத்தைச் செலுத்தி, உப்புநீர்த் தொட்டியில் உருளச் செய்தார். குழாயின் நுண்துளைகள் வழியே இரத்தத்தில் தேங்கிய கழிவுகள் நீரில் கலந்தன. முதல் ஈராண்டுகளில் இம்மருத்துவம் பெற்றவர்கள் ஏறத்தாழ எல்லோரும் இறந்தனர். 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் மயக்கம் தெளிந்து பிழைத்தார். அக்காலத்தில் தரம் என்பதற்கு ஒரே பொருள்தான் இருந்தது: நோயாளி பிழைத்தாரா, இல்லையா என்பதே அது.

ஆனால், சிறுநீரகம் நிலையாகப் பழுதுற்றோர்க்கு இம்முறை பயன்படவில்லை. ஒவ்வொரு முறையும் புதிதாக ஓர் இரத்தக் குழாயைத் திறக்க வேண்டியிருந்ததே காரணம். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் இத்தடையை நீக்கினார். டெஃப்லான் என்னும் வழுவழுப்பான பொருளால் ஆன குழாயை நோயாளியின் கையில் பொருத்தி, அதனை அங்கேயே இருக்கவிட்டார். அவ்வாறு மருத்துவம் பெற்ற முதல் நோயாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1962-இல் அந்நகரில் இதற்கெனவே ஒரு நிலையம் திறக்கப்பட்டது. இடமோ சில, நாடி வந்தோரோ பலர். யாரை ஏற்பது என்பதை முடிவு செய்யப் பொதுமக்களுள் எழுவர் கொண்ட குழு அமைந்தது. வயது, தொழில், குடும்பப் பொறுப்பு, சமூகத்தில் பெற்ற மதிப்பு ஆகியவற்றை எடைபோட்டு அக்குழு உயிர்களைத் தேர்ந்தது. 1972-இல் இம்மருத்துவச் செலவை அரசே ஏற்க வழிசெய்யும் சட்டம் அமெரிக்காவில் இயற்றப்பட்டது. அதன்பின், “யாருக்குக் கிடைக்கும்?” என்ற கேள்வி அங்குத் தணிந்து, “கிடைப்பது நன்றாகக் கிடைக்கிறதா?” என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை காண உதவியவற்றுள் முதலாவது நீர். ஒருவர் நாள்தோறும் அருந்துவது ஏறக்குறைய இரண்டு லிட்டர் நீரே. நான்கு மணி நேரச் சுத்திகரிப்பிலோ ஏறத்தாழ 120 லிட்டர் நீர், மெல்லிய சவ்வு ஒன்றே தடையாக நிற்க, இரத்தத்தை அடுத்து ஓடுகிறது. 1972-இல் டென்வர் நகர மருத்துவர்கள் புதியதொரு நோயை விவரித்தனர். சுத்திகரிப்புப் பெற்றோர் சிலர்க்கு நா குழறியது; வலிப்புக் கண்டது; அறிவு மங்கியது. இறந்தோரின் மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததை 1976-இல் ஆல்ஃப்ரே குழுவினர் வெளியிட்டனர். நோயாளிகள் உண்ட மருந்திலும் அலுமினியம் இருந்தது. எனினும், ஊர்க்குடிநீரைத் தெளிவிக்க இடும் படிகாரத்தாலும் பெருங்கேடு விளைந்தது பின்னர்த் தெளிவாயிற்று. குடிக்கத் தகுந்த நீரெல்லாம் குருதியை அடுத்து ஓடத் தகுந்ததன்று என்பதே இதன் பாடம். பாடம் மறக்கப்பட்ட இடத்தில் கேடும் மீண்டது. 1996-இல் பிரேசிலின் கருவாரு நகரில், நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்த நீர் முறையாகத் தூய்மை செய்யப்படாமல் நிலையமொன்றில் பயன்பட்டதால், ஐம்பதுக்கும் மேற்பட்ட நோயாளிகள் மாண்டனர்.

இரண்டாவது, தொற்றுத் தடுப்பு. 1969, 1970-ஆம் ஆண்டுகளில் எடின்பரோ நகரில் பரவிய கல்லீரல் அழற்சி, நோயாளிகளை மட்டுமன்றி மருத்துவப் பணியாளர்களையும் பலி கொண்டது. இரத்தச் சோதனை, தொற்றுடையோர்க்குத் தனி இயந்திரம், கையுறை ஆகிய விதிகள் இத்தகைய துயரங்களின் பின்னரே வலுப்பெற்றன.

மூன்றாவது, இரத்தம் எடுக்கும் வழி. 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ முதலியோர், மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் இணைக்கும் அறுவை முறையை வெளியிட்டனர். அந்த இணைப்பு தோலுக்குள் மறைந்திருத்தலால் கிருமி எளிதில் புகாது. கழுத்தில் செருகிய குழாயுடன் நெடுநாள் இருப்போர்க்குத் தொற்று மிகுதி. ஆகவே, ஒரு நிலையத்தில் எத்தனை பேருக்குக் கையிணைப்பு உண்டு என்பதும் தரத்தின் அளவாயிற்று.

நான்காவது, சுத்திகரிப்பின் அளவு. நோயாளி நலமாய் இருப்பதாகச் சொல்வது மட்டும் போதாது என்று கண்டு, காட்ச், சார்ஜன்ட் என்னும் இருவர் 1985-இல் யூரியாவைக் கொண்டு அளக்கும் கணக்கை நிலைநாட்டினர். எளிமையாகக் கூறின், தொடக்கத்தில் 100 பங்காக இருந்த யூரியா முடிவில் 35 பங்குக்கு மேல் எஞ்சுதல் ஆகாது. அளவைக் கூட்டிக்கொண்டே போனால் நன்மையும் கூடுமோ எனின், வாரம் மும்முறை செய்யும் முறையில் பொதுவாக அவ்வாறு கூடவில்லை என்று 2002-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

இவற்றையெல்லாம் எண்ணிப் பதிந்தால் அன்றித் தரம் விளங்காது. மலேசியாவில் 1992 முதல் தேசியப் பதிவேடு இப்பணியைச் செய்து வருகிறது. அமெரிக்கா 2001 முதல் ஒவ்வொரு நிலையத்தின் விவரத்தையும் பொதுமக்கள் காண வெளியிடுகிறது. ஆயினும், எண்களைப் படிப்பதிலும் விழிப்பு வேண்டும். முதியோரையும் நீரிழிவு நோயினரையும் மறுக்காமல் ஏற்கும் நிலையத்தில் இறப்பு மிகுவது இயல்பு. அதனைக் கணக்கிற் கொள்ளாது பழித்தால், எளியோரை ஏற்க நிலையங்கள் அஞ்சும். சியாட்டில் குழுவின் தேர்வே வேறு உருவில் திரும்பி வரும்.

ஆதலின், அண்டையில் உள்ள நிலையத்தை நாடும் குடும்பத்தினர் கேட்க வேண்டியவை சிலவே. நீர் எப்போது சோதிக்கப்பட்டது? யூரியா எவ்வளவு குறைந்தது? கழுத்துக் குழாய் எப்போது நீங்கும்? கடந்த திங்களில் தொற்று ஏதேனும் கண்டதா? இக்கேள்விகளுக்குத் தயங்காது, ஏட்டைத் திறந்து காட்டி விடை கூறும் நிலையமே நல்ல நிலையம்.