ஜீப் வகை வாகனங்களின் மின்பாகங்களுக்கான நீர்க்காப்பு

ஜீப் வகை வாகனங்களின் பேட்டரி, ஆல்டர்னேட்டர், செல்ஃப் மோட்டார், ரிலே, ஃப்யூஸ் பாக்ஸ், ஈ.சி.யூ. (மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவி), வயரிங் ஆகியவை தண்ணீரால் பழுதாகாமல் காக்கும் முறைகள் நீர்க்காப்பு எனப்படும். காட்டாறுகளைக் கடக்க உதவும் இம்முறைகள், சென்னையில் பெரும்பாலும் தெருவெள்ளத்துக்கே பயன்படுகின்றன.

சென்னைச் சூழல்

தியாகராய நகர் 1920களில் மாம்பலம் ஏரியின் படுகையில் எழுந்த குடியிருப்பு. அங்குள்ள துரைசாமி சுரங்கப்பாதையில் பலத்த மழையின்போது தண்ணீர் தேங்குவது வழக்கம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரம், சைதாப்பேட்டை பகுதிகளில் நிறுத்தியிருந்த வாகனங்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலும் நகரை வெள்ளக்காடாக்கியது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடனேயே பலர் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினர்.

பழுதாகும் விதம்

ஈரம் புகுந்த இணைப்பில் 12 வோல்ட் நேர்மின்னோட்டம் பாய்ந்தால் மின்னாற்பகுப்பு நிகழ்ந்து செப்பு அரிக்கப்படுகிறது. முனைகளில் பச்சைக் களிம்பு படிகிறது. உப்புநீரில் மின்சாரம் எளிதாகப் பாய்வதால் அரிப்பும் விரைவாகும். கடல்நீர் உள்ளேறும் அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய பட்டினப்பாக்கம் போன்ற இடங்களில் இந்த ஆபத்து கூடுதல். சூடான பாகம் திடீரெனக் குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும்.

ஆழமும் நேரமும்

மஹிந்திரா தார் (2020) கடக்கக்கூடிய நீரின் ஆழம் 650 மி.மீ.; லேண்ட் ரோவர் டிஃபெண்டருக்கு 900 மி.மீ. வரை. இவை மெதுவாக ஓட்டிக் கடப்பதற்கான அளவுகளேயன்றி, நிறுத்திவைப்பதற்கானவை அல்ல. நீர் புகாமைக்கான ஐ.பி.67 தரச் சோதனையும் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடமே. சென்னைத் தெருக்களிலோ வெள்ளம் நாள்கணக்கில் வடியாமல் நிற்பதுண்டு. எனவே இங்கு நீர்க்காப்பைவிட மேட்டில் நிறுத்துவதே உறுதியான பாதுகாப்பு.

காப்பு முறைகள்

கனெக்டர்களில் மின்கடத்தாத சிலிக்கோன் கிரீஸ் பூசி, ரப்பர் உறையிடுவர். ரிலேக்களையும் ஃப்யூஸ் பாக்ஸையும் இயன்ற அளவு உயரத்தில் பொருத்துவர். வழிந்துவரும் நீர் கனெக்டருக்குள் இறங்காமல் சொட்டிவிட, வயரை அதற்கு முன்பே கீழ்நோக்கி வளைத்துவிடுவர். கியர்பாக்ஸ், ஆக்ஸில் ஆகியவற்றின் காற்றுக்குழாய்களையும் உயர்த்துவதுண்டு; இது மின்பாகங்களுக்கல்ல, எண்ணெயில் நீர் கலக்காமலிருக்க. உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாயான ஸ்நார்க்கலும் இன்ஜினுக்குள் நீர் புகாமல் தடுக்குமே தவிர, மின்பாகங்களைக் காக்காது.

மூழ்கிய வாகனம்

சாவியைத் திருப்பாமல், முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வாகனத்தை இழுவை வண்டியில் ஏற்றிச் சென்று, நனைந்த கனெக்டர்களைப் பிரித்துச் சுத்தம் செய்து, முழுதும் உலர்ந்த பிறகே மின்னிணைப்புத் தரலாம். மூன்றாம் நபர் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்காது. விரிவான காப்பீடு ஏற்கும். நீரில் நின்ற வாகனத்தை ஸ்டார்ட் செய்ததால் இன்ஜின் பழுதானால், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீடு இல்லாதவர்களுக்கு இழப்பீடு பொதுவாக மறுக்கப்படுகிறது.